பாதுகாப்பில் நிற்கும் வண்டி

அந்த வாசம் எங்கிருந்து வருதுன்னு சீட்டுக்கு அடியில குனிஞ்சு தேடாதீங்க தம்பி. என் பையில இருந்துதான் வருது. அந்துருண்டை ஒரு பாக்கெட்டு, பொகையிலை ஒரு கட்டு, அப்பறம் என்னமோ புதினாத் தைலமாம், அது ஒரு பாட்டலு. மூணும் ஒண்ணாச் சேந்தா இப்படித்தான் இருக்கும். மனுசனுக்கே கண்ணுல தண்ணி வருதுன்னா எலி பக்கத்துல வருமாங்க? வராதுல்ல? அப்படித்தான் நானும் நெனச்சேன்.

மடியில இருக்கறது எலிக்கூண்டுதான். காலிக் கூண்டு, பயப்படாதீங்க. கண்டக்டரு இதுக்கும் லக்கேஜ் டிக்கெட் போடோணும்னான். "உள்ள எலி இல்லீங்களே"ன்னேன். "இருந்திருந்தா அதுக்குத் தனியா அரை டிக்கெட்டு போட்டிருப்பேன் பெரியவரே"ங்கறான். சிங்காநல்லூர்ல இருந்து அவன் லொள்ளத் தாங்கீட்டு வர்றேன். நீங்க சூலூர்ல ஏறுனதால தப்பிச்சீங்க. தாராபுரந்தானுங்களா? நானும் அங்கதான். நீங்க ஜன்னலோரமா வந்துருங்க, காத்தாவது வரும்.

இதுல வேடிக்கை என்னன்னா, என்கிட்ட காரு இருக்குதுங்க. சொந்தக் காரு. வெள்ளக் காரு. சீட்டு மேல ஒட்டியிருந்த பாலிதீன் கவரக்கூட நான் இன்னும் கிழிக்கல, அப்படி வெச்சிருந்தேன். இப்ப காரு தாராபுரத்துல இருக்குது, காருக்காரன் பஸ்ஸுல போறான். அத எடுத்துட்டுப் போனது திருடன் இல்லீங்க. திருடனா இருந்தா போலீசுல சொல்லலாம். எடுத்துட்டுப் போனது எம் பொண்டாட்டி.

சிரிங்க, சிரிங்க. எங்க வீதியே சிரிச்சு முடிச்சிருச்சு. நீங்க மட்டும் எதுக்குப் பாக்கி?

நான் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன் தம்பி. நூல் மில்லு. வேலைக்குச் சேந்ததுல இருந்து ரிட்டயர்டு ஆகற வரைக்கும் ஸ்டோர்தான். பேரிங், பெல்ட்டு, போல்ட்டு, நட்டு எல்லாம் என் கையிலதான். ஸ்டோர் கீப்பர் வேலைன்னா என்னன்னு நெனைக்கறீங்க? கேட்டதக் குடுக்கற வேலையா? அதுக்கு ஒரு கடைய வெச்சரலாமே. ஸ்டோர்ல சாமான் இருக்கோணும், அதான் வேலை. கேட்டவனுக்கெல்லாம் எடுத்து நீட்டுனா அப்பறம் ஸ்டோர்ல என்னங்க இருக்கும்? என் சர்வீசுல ஸ்டோர்ல சாமான் இல்லைன்னு ஒருத்தன் சொன்னதில்ல. கெடைக்கலைன்னு சொல்லுவாங்க. அது வேற.

அப்படிப்பட்டவன் கையில ஒரு புதுக் காரக் குடுத்தா எப்படி வெச்சிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

குடுத்தது எம் பையன். பூனாவுல வேலையில இருக்கறான். நான் ரிட்டயர்டு ஆனதும், "அம்மா எங்கியுமே போனதில்லப்பா, நாலு எடத்துக்குக் கூட்டீட்டுப் போங்க"ன்னு வாங்கிக் குடுத்தான். எனக்கு லைசென்சு உண்டு, மில்லு ஜீப்புல பழகுனது. வண்டி வந்த அன்னைக்கு நேரா பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டு போயி, மால போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, எல்லாம் மொறையாப் பண்ணினேன். திரும்பி வாரப்ப வசந்தாமணி முன் சீட்டுல உக்காந்து வந்தா. வசந்தாமணிங்கறது எம் பொண்டாட்டி. மடியில தேங்கா மூடிய வெச்சுக்கிட்டு, வாயெல்லாம் பல்லா சிரிச்சுக்கிட்டு வந்தா. "ஏனுங்க, இப்படியே பேரூரு கோயில் வரைக்கும் ஒரு ஓட்டு போயிட்டு வரலாமுங்களா?"ன்னா. புது வண்டி, மொத நாளே எதுக்கு அலைக்கழிக்கோணும்னு நான் நேரா ஊட்டுக்கு ஓட்டீட்டேன். போர்டிகோவுல நிறுத்தி, கவரப் போட்டு, நாடாவ இழுத்துக் கட்டி, நல்லா இருக்குதான்னு எட்ட நின்னு பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சுங்க.

அப்பறம் ஒரு நாள் மழை. ஒரு நாள் வெயிலு. ஒரு நாள் ரோட்டுல குழி தோண்டிப் போட்டிருந்தாங்க. ஒரு நாள் அமாவாசை. வண்டிய வெளிய எடுக்கத் தோதான நாளு ஒண்ணு வரோணுமில்ல? வரல.

அந்த வருசம் ஆயுத பூசைக்குப் பாருங்க, ஊருல எல்லாரும் என்ன பண்ணுவாங்க, பானட்டு மேல சந்தனம் குங்குமம் வெச்சு, முன்னாடி ஒரு வாழ எலயில பொரி கடலை வெச்சுக் கும்புடுவாங்க. நான் யோசிச்சேன். மேல இருக்கறது வெறுந் தகரம். ஓடறது எஞ்சின். ஆயுதம்னா எஞ்சின்தான ஆயுதம்? பானட்டத் தொறந்து, எஞ்சினுக்கே பொட்டு வெச்சு, எஞ்சின் மேலயே ஒரு தட்டம் பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சக்கரை எல்லாம் வெச்சுக் கும்புட்டேன். மூடியும் வெச்சுட்டேன், சாமிக்கு வெச்சத உடனே எடுக்கக் கூடாதில்ல. மனசுக்கு அவ்வளவு திருப்தியா இருந்துச்சு. அதுல இருந்து வெள்ளிக்கிழமை தவறாம அந்தப் பூசைய விடறதில்ல. எங்க வீதியில இத்தன காரு இருக்குது, ஒருத்தனுக்காவது இப்படித் தோணுச்சான்னு கேளுங்க.

அதுக்கப்பறந்தான் அந்தக் கெரகம் ஆரம்பிச்சுது.

ஒரு நாள் வண்டிய நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஸ்டார்ட்டே ஆகல. பட்டறையில இருந்து ஆளு வந்து பானட்டத் தொறந்தான். உள்ள பாத்தா எலி ஒரு ஊடே கட்டியிருக்குது தம்பி! பஞ்சு, துணி, வசந்தாமணியோட ரவிக்கத் துண்டு ஒண்ணு, அது மேல மெத்தையாட்டப் பொரி. பொரின்னா அவ்வளவு பொரி. பொட்டுக்கடலை வேற. ஒயரு அத்தனையும் கடிச்சுத் துப்பியிருக்குது. வசந்தாமணி எட்டிப் பாத்தா. "ஏனுங்க, இது நீங்க வெச்ச பொரியாட்டத் தெரியுதுங்களே. அந்த வெள்ளிக்கிழமைப் பூசைய நிறுத்துங்க"ன்னா. பாத்தீங்களா? சாமி காரியத்துல கை வெக்கறா. எலி பிள்ளையாரோட வாகனம். அவருக்கு வெச்சத அது எடுக்குமா? நானே ஆடிப் போயி நிக்கறேன், இவ சாமியக் குத்தஞ் சொல்றா.

எனக்குத் தெரியும் தம்பி அது எங்கிருந்து வந்ததுன்னு. எதுத்த ஊட்டுல ஹேமலதா டீச்சர்னு ஒருத்தி இருக்கறா. பிரைவேட் ஸ்கூல்ல கணக்கு டீச்சரு. விடிஞ்சா போதும், காம்பவுண்டுச் சொவுத்து மேல தானியத்த எறைப்பா. குருவி வருதாம். குருவி வந்தா எலி வராதா? நேராப் போயிக் கேட்டேன். "நான் கம்புதானுங்க அங்கிள் போடறேன், பொரி போடறதில்லீங்களே"ன்னா. எவ்வளவு துணிச்சலாப் பொய் சொல்றா பாருங்க. கணக்கு டீச்சர்ல, எல்லாம் கணக்காத்தான் பேசுவா. வீதிச் சங்கத்துல கம்ப்ளைண்டு குடுத்தேன். தலைவரு வந்து சொவுத்தப் பாத்துட்டு, "கம்புதானுங்க இருக்குது"ன்னாரு. அவரும் அந்தப் பக்கந்தான். அவரு ஊட்டுப் புள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கறதே அந்த டீச்சருதான், அப்பறம் என்ன சொல்லுவாரு?

சரி, ஊரு நமக்கு ஒதவாது, நாமளே பாத்துக்கலாம்னு எறங்கினேன். மொதல்ல கூண்டு. மசால் வடை வெச்சேன். சும்மா சொல்லக் கூடாது, எலிக விழுந்துச்சு. ஆனா கொல்ல முடியுமாங்க? பிள்ளையார் வாகனம். அதனால கூண்டக் கொண்டு போயி, டீச்சரு ஊட்டுக்குப் பின்னால ஒரு காலி எடம் இருக்குது, அங்க தொறந்து உட்டுருவேன். மறுநாள் அதே பக்கத்துல இருந்துதான் எலி வரும். நான் கண்ணாலயே பாத்திருக்கேன், அவ காம்பவுண்டுல இருந்து எறங்கி, ரோட்டத் தாண்டி, நேரா எங்க போர்டிகோவுக்கு. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

அடுத்தது பொகையிலை. ரேடியேட்டருக்குப் பக்கத்துல, பேட்டரிக்குப் பக்கத்துல எல்லாம் கட்டித் தொங்க உட்டேன். வசந்தாமணி தும்மித் தும்மி மூக்கு செவந்து போனா, எலி தும்முன மாதிரி தெரியல. அப்பறம் அந்துருண்டை. அப்பறம் மொளகாப் பொடி. அப்பறம் சத்தம் போடற மிசினு ஒண்ணு, மனுசனுக்குக் கேக்காதாம், எலிக்கு மட்டும் கேக்குமாம். எங்க எலிக்கும் கேக்கல. எலி ஒட்டற அட்டைன்னு விக்கறான்ல, அத வாங்கி வெச்சேன், எஞ் செருப்பு ஒட்டிக்கிச்சு. யாரோ வெளிச்சம் இருந்தா எலி வராதுன்னாங்க. பானட்டத் தொறந்து வெச்சு உள்ள ஒரு பல்பத் தொங்க உட்டேன். ராத்திரியெல்லாம் வண்டி வாயப் பொளந்துக்கிட்டு வெளிச்சத்துல நிக்கும், எலி நல்லாப் பாத்துப் பாத்து வேலை செஞ்சுது.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தேன். பட்டறை ஆள வரச் சொல்லி கடிச்ச ஒயரெல்லாம் மாத்துனேன். கம்பி வலை வாங்கியாந்து வண்டியச் சுத்தி வேலி போட்டேன். அடியில செங்கல் அடுக்கி சந்து பொந்தெல்லாம் அடச்சேன். வலை மேல கவரு. கவரு மேல கயிறு. பேட்டரியக் கழட்டி ஊட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியில வெச்சேன். கழட்டறப்ப வசந்தாமணிதான் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா. வாரம் ஒருக்கா மாட்டிப் பாப்பேன், திரும்பவும் கழட்டுவேன். அவளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எது, பன்னெண்டாம் நம்பர் எதுன்னு பழகிப் போச்சு. நல்லதுதான், வாழ்க்கையில ஒரு விசயம் கத்துக்கிட்டான்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பானட்டுப் பக்கமா வலையில ஒரு சின்ன வாசலு உட்டிருந்தேன், பூசைக்குக் கை போகோணுமில்ல.

ஏந்தம்பி, இப்படித் திரும்பித் திரும்பி ஜன்னலப் பாக்கறீங்க? சிரிப்பு வருதா, வாசம் தாங்கலியா? சரி, சரி. பல்லடம் வந்துருச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா?

இனித்தான் விசயமே இருக்குது.

வசந்தாமணிக்கு ஒரே ஒரு அக்கா. ருக்குமணி. தாராபுரம் பக்கத்துல தோட்டத்து ஊட்டுல தனியா இருக்கறாங்க. புருசன் போயிச் சேந்துட்டாரு, புள்ளைக இல்ல. போன வருசம் அவங்களுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயி கால் கைக்குப் பயிற்சி குடுக்கோணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. வசந்தாமணிய வளத்ததே அவங்கதான், அம்மா மாதிரி. இவ பஸ்ஸப் புடிச்சுப் போவா, அங்க ஆட்டோ வெச்சு அவங்களக் கூட்டீட்டுப் போவா, திரும்பவும் பஸ்ஸு. இவளுக்கே முட்டி வலி. வந்து சேந்தா காலத் தூக்கி ஸ்டூலு மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

ஒரு நாள் கேட்டா. "ஏனுங்க, நம்ம வண்டி சும்மாதான நிக்குது, வாரத்துல ஒரு நாளு அக்காவுக்கு எடுத்தா என்னங்க? ஓட்டுனா எலியும் வராதுங்களே"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! சும்மா நிக்குதாம்! இத்தன வலை, இத்தன செங்கல்லு, இத்தன பொகையிலை, இது சும்மா நிக்கறதா? "சும்மா நிக்கல வசந்தா, பாதுகாப்புல நிக்குது"ன்னேன். அதுக்கப்பறம் அவ அதக் கேக்கவே இல்ல. நல்லாப் புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். சொல்ற விதத்துல சொன்னா அவ புரிஞ்சுக்குவா தம்பி.

அப்பறம் சித்திரையில ஒரு நாளு போனு வந்துச்சு. அவங்க அக்கா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்க, எந்திரிக்க முடியல, பேச்சும் சரியா இல்லைன்னு தோட்டத்து ஆளு போன் பண்றான். வசந்தாமணி என்னையப் பாத்தா. நான் மனசில்லாதவன் இல்லீங்க தம்பி. உடனே "வண்டிய எடுக்கறேன்"ன்னேன். நானாத்தான் சொன்னேன், அவ கேக்கல. கயித்த அவுத்தேன். கவர மடிச்சேன், நல்லாத்தான் மடிக்கோணும், சும்மா சுருட்டி வெச்சா கிழிஞ்சுரும். வலை கம்பிய ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். செங்கல்ல எடுத்து ஓரமா அடுக்குனேன். பொகையிலையெல்லாம் எடுத்தேன், அது எஞ்சின் சூட்டுல பத்திக்கிச்சுன்னா? கட்டிலுக்கு அடியில போயி பேட்டரியத் தூக்கியாந்து மாட்டுனேன். எல்லாம் முடிச்சு, கை காலு கழுவி, "வசந்தா, வா போலாம்"ன்னு கூப்புட்டா ஊட்டுல ஆளே இல்ல.

நான் கயித்த அவுத்துட்டு இருக்கறப்பவே போயிட்டாளாம். அந்த டீச்சரு ஸ்கூட்டர்ல கொண்டு போயி பஸ் ஸ்டாண்டுல உட்டிருக்கறா. நான் வண்டிய ரெடி பண்றப்ப அவ பஸ்ஸுல பல்லடமே தாண்டியிருப்பா. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அவசரம், பொம்பளைகளுக்கு எப்பவுமே அவசரம். சரி, போனவ போயிட்டா, இனி நான் தனியா வண்டிய எடுத்துட்டுப் போயி என்ன பண்றது? அவுத்ததெல்லாம் அப்படியே கெடந்தா ராத்திரிக்கு எலி வந்துரும். திரும்பவும் எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டேன்.

அவங்க அக்கா பொழச்சுக்கிட்டாங்க, சாமி புண்ணியம். வசந்தாமணி ஒரு மாசம் கழிச்சு வந்தா. வந்ததும் போர்டிகோவுல நின்னு வண்டியப் பாத்தா. வலை, செங்கல்லு, கவரு, கயிறு எல்லாம் இருந்த மாதிரியே இருந்துச்சு. "திரும்பக் கட்டீட்டீங்களா?"ன்னு கேட்டா. "பின்ன? அப்படியே உட்டுருவனா?"ன்னேன். அப்படியே உள்ள போயிட்டா. நான் அந்த அளவுக்குப் பொறுப்பா இருந்தது அவளுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும்.

அதுக்கப்பறம் ரொம்பத் தன்மையா ஆயிட்டா தம்பி. ஒரு வார்த்த எதுத்துப் பேசறதில்ல. காலையில சோறாக்கி வெச்சுட்டு, பொழுதோட கோயிலுக்குப் போறேன்னு கெளம்பிருவா. தெனமும் கோயிலு. சீலைக்குப் பதிலா சுடிதாரு வேற போட ஆரம்பிச்சா, கோயில் கூட்டத்துல சீலை தடுக்குதாம். எனக்கும் சந்தோசந்தான், வயசான காலத்துல பக்தி வந்தா நல்லதுதானேன்னு. அவ போயிட்டு வர்றப்ப மொகமெல்லாம் வேத்து, ஒரு மாதிரித் தெளிவா வருவா. நான் பானட்டு சந்துல அந்துருண்டை சொருகிக்கிட்டு இருப்பேன். சாமி கும்புட்டா மனுசருக்கு இவ்வளவு தெளிவு வருமான்னு நெனச்சுக்குவேன்.

கோயிலாம். எந்தக் கோயிலு தெரியுமுங்களா? டிரைவிங் ஸ்கூலு. அந்தக் கணக்கு டீச்சருதான் சேத்து உட்டிருக்கறா. மருதமலைக்குப் போறேன்னு ஒரு நாளு காலையில குளிச்சுட்டுப் போனாளே, அது லைசென்சு டெஸ்ட்டுக்கு. திருநீறு பூசீட்டு வந்தா தம்பி. நானும் கை நீட்டி வாங்கிப் பூசிக்கிட்டேன்.

ஆனி மாசம், பொகையிலை தீந்து போச்சுன்னு டவுனுக்குப் போயிருந்தேன். உக்கடத்துல நல்ல காரமான பொகையிலை கெடைக்கும். வாங்கீட்டு வந்து கேட்டத் தொறந்தா, போர்டிகோ காலியா இருக்குது. வண்டி இல்ல. வலைய அழகாச் சுருட்டி ஓரமா நிறுத்தியிருக்குது. செங்கல்லு வரிசையா அடுக்கியிருக்குது. கவரத் தொவச்சுக் கொடியில காயப் போட்டிருக்குது. எந்தத் திருடன் தம்பி கவரத் தொவச்சுப் போட்டுட்டுப் போவான்? எனக்கு அது தோணல. வீதியில நின்னு "அய்யோ, வண்டி போச்சே, வண்டி போச்சே"ன்னு கத்தறேன். சங்கத் தலைவரு வந்தாரு, அயன்காரரு வந்தாரு, எல்லாரும் வந்து நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. அவ கேட்டுல இருந்து ரிவர்ஸ் எடுத்தப்ப கை தட்டியிருக்கறாங்க தம்பி. அயன்காரரு டாட்டா காட்டியிருக்கறாரு.

அப்ப போனு வருது. அவதான். "தாராபுரம் வந்து சேந்துட்டனுங்க. டீச்சரு கூட வந்தாங்க, பஸ்ஸுல திரும்பி வர்றாங்க. அக்கா கூட இருக்கப் போறேன். சோத்துக்குக் கஸ்டமா இருந்தா மெஸ்ஸுல சொல்லி வெச்சிருக்கேன்"னா.

நான் கேட்டேன், "வண்டிய எங்க நிறுத்தியிருக்கற?"

"மரத்தடியில"ன்னா.

"மரத்தடியிலயா! பக்கத்துலயே சோளத்தட்டுப் போர் இருக்குமே, எலி சும்மா இருக்குமா? எல பானட்டுக்குள்ள உழுமே? பேட்டரியக் கழட்டுனியா?"ன்னு கேட்டேன். கேக்க வேண்டியதத்தான கேட்டேன்? அதுக்கு அவ சொல்றா, "வந்து சேந்தேனான்னு கேப்பீங்கன்னு நெனச்சனுங்க." போன வெச்சுட்டா.

அதான் வந்து சேந்துட்டேன்னு அவளே சொல்லிட்டாளே, அதத் திரும்ப எதுக்குக் கேக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

ஆனி போச்சு, ஆடி போச்சு. இப்ப ஆவணி. அவ வரல. தெனமும் அந்த வண்டிய எடுக்கறாளாம். அக்காவ ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, அமராவதி டேமுக்குக்கூடக் கூட்டீட்டுப் போனாளாம். பையன் பூனாவுல இருந்து போன் பண்ணி, "அப்பா, அம்மா ஓட்டற வீடியோ பாத்தீங்களா?"ங்கறான். அவனுக்கும் சந்தோசம். எலி ஒரு ஒயரக்கூடக் கடிக்கலையாம். பட்டிக்காட்டு எலிக்கு ஒயரு பழக்கமில்ல போல.

இங்க ஊட்டுல என்ன ஆச்சுங்கறீங்க? போர்டிகோ காலியா இருந்தாலும் நான் வெள்ளிக்கிழமைப் பூசைய உடல. வண்டி நின்ன எடத்துல பொட்டு வெச்சு, பொரி கடலை வெச்சுக் கும்புடறேன், எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு. மறுநாள் பாத்தா எலி வந்து அத்தனையும் தின்னுட்டுப் போயிருக்குது. இப்பத் தெரியுதுங்களா? வண்டியே இல்ல, அப்பவும் எலி வருது. அப்ப அது அந்த டீச்சரு கம்புக்குத்தான வருது?

ஏந்தம்பி மண்டையில அடிச்சுக்கறீங்க? கொசுவா?

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. எலி வந்து போற சத்தமாச்சும் கேக்குது. மத்தபடி ஊடு ஓன்னு கெடக்குது. மெஸ்ஸு சாப்பாடு இலையோட வருது, திங்கறேன். "ஸ்பேனர எடு"ன்னு வாய் வரைக்கும் வருது, எடுத்துக் குடுக்க ஆளில்ல. அவ தும்மறது கேக்காம எனக்குத் தூக்கம் வர மாட்டீங்குது. இத நான் யாருகிட்டயும் சொல்லல. போன்ல அவகிட்டயும் சொல்லல. போன்ல பேசறப்பெல்லாம் வண்டியப் பத்தித்தான் பேச வருது. வேற என்ன பேசறதுன்னு தெரியல. அதான் இன்னைக்கு வர்றேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிட்டு, நேர்ல போலாம்னு கெளம்பிட்டேன். வெறுங்கையோட போக முடியுமா? இந்தச் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டேன்.

இருங்க, போனு. அவதான்.

அலோ. ஆமா, குண்டடம் தாண்டிருச்சு. ஆமா, பஸ்ஸுலதான். கையிலயா? ஒண்ணுமில்ல, கொஞ்சம் அந்துருண்டை, பொகையிலை, அப்பறம் கூண்டு. எதுக்கா? எதுக்குன்னா வண்டிக்கு… இல்ல, கேளு வசந்தா… என்ன? என்ன சொன்ன? அலோ. அலோ.

வெச்சுட்டா.

என்ன சொன்னா தெரியுமுங்களா? "பஸ் ஸ்டாண்டுல வண்டியோட நிக்கறேன். வண்டியப் பாக்க வர்றதா இருந்தா அந்தப் பையோட அப்படியே அடுத்த பஸ்ஸுல ஏறித் திரும்பிப் போயிருங்க. என்னையப் பாக்க வர்றதா இருந்தா வெறுங்கையோட எறங்குங்க"ங்கறா. எப்படிப் பேசறா பாருங்க! இத்தன வருசம் கூட வாழ்ந்தவகிட்ட இப்படியொரு பேச்ச நான் கேட்டதே இல்ல. மில்லுல ஒரு ஜி.எம். இருந்தாரு, அவருகூட என்கிட்ட இப்படிப் பேசுனதில்ல. ரெண்டுல ஒண்ணுன்னு நிறுத்தறா. யாரு குடுத்த தைரியம் இது? எல்லாம் அந்த ஸ்டீரிங்கு குடுக்கற தைரியம். அதனாலதான் நான் அத யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. கொஞ்சம் தலையச் சாயுங்க தம்பி, அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறேன்.

அதா… அதா நிக்குது. அய்யய்யோ, எவ்வளவு புழுதி! கண்ணாடியில காக்கா எச்சம். சைடுல ஒரு கீறல். பாலிதீன் கவரையும் காணோம், கிழிச்சுட்டா. முன் சீட்டுல அவங்க அக்கா உக்காந்திருக்கறாங்க, கோணலா, ஆனா நல்லா உக்காந்திருக்கறாங்க. இவ ஸ்டீரிங்கு மேல கைய வெச்சுக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸாப் பாக்கறா. என்னையத் தேடறா தம்பி. அக்கா என்னமோ சொல்றாங்க, இவ சிரிக்கறா. வாயெல்லாம் பல்லாச் சிரிக்கறா. கோயில்ல இருந்து வண்டிய எடுத்துட்டு வந்தமே, அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு. பேரூருக்குப் போலாமான்னு கேட்டாளே, அன்னைக்கு. ஒரு ஓட்டு போயிருக்கலாம் தம்பி. எத்தன தூரம் இருக்குது பேரூரு? போயிருக்கலாம்.

தம்பி, உங்க ஊட்டுல எலி உண்டுங்களா? இல்லாட்டியும் வந்துரும். இந்தாங்க, கூண்டப் புடிங்க. நல்ல கூண்டு, கதவு டக்குன்னு உழும். பையும் இருக்கட்டும். பொகையிலை உக்கடத்துல வாங்குனது, காரமா இருக்கும். இல்லல்ல, காசெல்லாம் வேண்டாம். புடிங்க, அவ பாக்கறா, சீக்கிரம். எங் கையி காலியா இருக்குதா பாருங்க. ரெண்டு கையும்? சரி.

சட்டப் பையா? அதுல ஒண்ணுமில்ல தம்பி. ஒரு பொட்டலம் பொரியும் கடலையும்தான். இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்ல, ஊட்டுக்குப் போனதும் அவ பாக்காதப்ப எஞ்சினுக்கு மட்டும் வெச்சரலாம். அதுலயா எலி வரப் போகுது?